தீர்த்தன் ஆற்றில் நண்பர்களோடு ட்ரௌட்: தேதி குறிப்பதில் தொடங்கும் வம்பு

வருஷத்துக்கு ஒருமுறை நண்பர்கள் சேர்ந்து ஹிமாச்சலின் தீர்த்தன் மாதிரி மலையாற்றில் ஃப்ளை ஃபிஷிங், அதாவது ஃப்ளை என்ற போலிப் பூச்சியை எறிந்து ட்ரௌட் மீன் பிடிக்கப் போகலாம் என்று பேச்சு எழுந்ததும் வாட்ஸ்அப் குழுவில் வரும் முதல் கேள்வி, "எல்லாருக்கும் எப்போ லீவு?" பயணம் பாதி கெடுவது அங்கேதான். நம் ஊர் லீவுகளை வரிசையாக எடுத்துப் பாருங்கள். பொங்கலுக்குப் போக முடியாது. ஹிமாச்சலில் ட்ரௌட் முட்டையிடும் காலம் என்று நவம்பர் 1 முதல் பிப்ரவரி முடிய மீன்பிடிக்கத் தடை. மே மாதம் பள்ளி லீவு, ஆனால் மேலே பனி உருகி ஆறு நுரைத்துக்கொண்டு ஓடும், மணாலி சாலையில் கார்கள் அங்குலம் அங்குலமாக நகரும். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய தொடர் விடுமுறை நடு மழைக்காலம், தண்ணீர் டீ நிறத்தில் இருக்கும், சாலை இருக்குமா என்பதே சந்தேகம். தீபாவளி அக்டோபரில் வந்தால் சரி, நவம்பரில் வந்தால் மறுபடியும் தடைக்காலம். மிஞ்சுவது ஆயுத பூஜை.

அந்த ஆயுத பூஜைக்கும் ஒரு வில்லங்கம் உண்டு. மற்ற ஊர்களில் விஜயதசமியோடு தசரா முடிகிறது, குல்லுவில் அன்றைக்குத்தான் தொடங்குகிறது. ஏழு நாள் நடக்கும். சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து அவரவர் தெய்வங்களைப் பல்லக்கில் தூக்கிக்கொண்டு ஊரே குல்லுவின் தால்பூர் மைதானத்துக்குக் கிளம்பிவிடும். தீர்த்தன் பள்ளத்தாக்கின் பஞ்சார் பக்கத்து ஊர்களும் இதில் அடக்கம். நாம் நம்பியிருக்கும் கைடு தன் ஊர் தெய்வத்தோடு போயிருப்பார், வண்டிக்காரரும் அப்படியே. அவரைக் குறை சொல்ல முடியுமா, திருவிழாவை விட்டுவிட்டு நம் தூண்டிலைப் பார்த்துக்கொண்டு நிற்கச் சொல்ல நமக்கு என்ன உரிமை? ஆகவே குல்லு தசரா முடிந்த மறுநாளிலிருந்து அக்டோபர் 31 வரை, அதுதான் இலையுதிர்கால இடைவெளி. மழை விட்டிருக்கும், தண்ணீர் தெளிந்து இறங்கியிருக்கும், பகலில் வெயில் இதமாக இருக்கும். தசரா தள்ளி வரும் வருஷங்களில் இந்த இடைவெளி ஒரு வாரத்துக்குள் சுருங்கிவிடும். இன்னொரு வாய்ப்பு, தடை நீங்கிய மார்ச்சில் தொடங்கி, பனி உருகல் வேகம் பிடிக்கும் ஏப்ரல் நடுவரை. மீன்கள் பசியோடு இருக்கும் காலம் அது. ஆனால் கணக்குத் துறையில் வேலை செய்யும் நண்பர்கள் மார்ச் என்றாலே போனை எடுக்க மாட்டார்கள். முதலில் ஆறு தரும் தேதியைக் குழுவில் போடுங்கள், வர முடிந்தவர்கள் வரட்டும். இந்த ஒன்றை யாராவது முன்பே சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

ட்ரௌட்டுக்காக ஹிமாச்சல் வரை போக வேண்டுமா என்று நீலகிரிக்காரர்கள் கேட்பார்கள். நியாயம்தான். அவலாஞ்சியில் அன்றைய மதராஸ் அரசின் மீன்வள நிபுணர் எச்.சி. வில்சன் 1907-இல் குஞ்சு பொரிப்பகம் அமைத்து ரெயின்போ ட்ரௌட்டை நிலைநிறுத்தினார். குல்லுப் பக்கம் பிரவுன் ட்ரௌட் வந்ததே 1909-இல்தான். ஆனால் நீலகிரியில் அந்த ஓடைகள் இன்று காட்டுக்குள் இருக்கின்றன, வனத்துறை அனுமதி இல்லாமல் கால்வைக்க முடியாது. ஐந்தாறு பேர் ராடும் கையுமாகப் போய் இறங்கும் இடமில்லை. தீர்த்தனில் சாலையோரமாகவே ஆறு ஓடுகிறது, பெர்மிட் வாங்க வழி இருக்கிறது, மேலே பெரிய அணையும் இல்லை.

அடுத்து பணம். நட்பில் பணம் பேசக் கூச்சமாக இருக்கும். பேசாமல் விட்டால் கூச்சம் போய்க் கசப்பு வரும், அவ்வளவுதான் வித்தியாசம். ஆறு பேர் என்று சொல்லி அறைக்கும் வண்டிக்கும் கைடுக்கும் முன்பணம் போன பிறகு, கிளம்புவதற்கு நான்கு நாள் முன்னால் "மச்சி, லீவு கேன்சல் ஆயிடுச்சுடா" என்று ஒரு செய்தி வரும். அதைப் பார்த்து இன்னொருவரும் தயங்கிக் கழன்றுகொள்வார். அப்படி என் தலையில் விழுந்தது 14,000 ரூபாய். கேட்கவும் மனசில்லை, விடவும் மனசில்லை. பயணம் முழுக்க அந்த எரிச்சல் அடிவயிற்றில் கிடந்தது. இப்போதைய ஏற்பாடு இது: தேதி முடிவான வாரமே ஆளுக்கு ஒரு தொகை பொதுக்கணக்குக்கு வந்துவிட வேண்டும், வராதவர் பெயர் பட்டியலில் கிடையாது. கிளம்புவதற்கு 30 நாளுக்குள் விலகினால், அவர் பங்கில் திரும்பப் பெற முடியாததெல்லாம் அவருடையது. அறை ஏற்பாட்டையும் பெர்மிட்டையும் வண்டியையும் ஒரே ஆள் பார்க்கக் கூடாது. மூன்று பேர் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டால் யாரும் புலம்பமாட்டார்கள்.

சாமான் விஷயத்தில் புதியவர்கள் காசை ராடில் கொட்டுவார்கள். கொட்ட வேண்டிய இடம் லைன், அதாவது தூண்டில் கயிறு. ஆற்றில் நாம் எறிவது கல்லையோ ஈயத்தையோ அல்ல, எடையே இல்லாத ஒரு போலிப் பூச்சியை. அதைச் சுமந்து போவது லைனின் எடைதான். மலிவு செட்டோடு வரும் லைன் சுருள் சுருளாகவே நிற்கும், வழுக்கிப் போகாது, எவ்வளவு நல்ல ராடும் அதனிடம் தோற்றுவிடும். தீர்த்தன் அளவு ஆற்றுக்கு எட்டரை அல்லது ஒன்பது அடி ராட், 4 அல்லது 5 வெயிட் (ராடும் லைனும் பொருந்துவதற்கான எண்), அதே வெயிட்டில் மிதக்கும் லைன், லைன் முனையில் ஒன்பது அடி 4எக்ஸ் லீடர் என்ற மெல்லிய நரம்பு, அதன் நுனியில் இன்னும் மெல்லிய இரண்டடி 5எக்ஸ் டிப்பெட். எக்ஸ் கணக்கு புரியாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி: 11-லிருந்து எக்ஸ் எண்ணைக் கழித்தால் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு தடிமன் என்று வரும். 5எக்ஸ் என்றால் ஆயிரத்தில் 6 பங்கு, அதாவது 0.15 மில்லிமீட்டர். ஃப்ளையின் எண்ணை மூன்றால் வகுத்தால் எந்த எக்ஸ் பொருந்தும் என்று கிடைக்கும். 16-ஆம் நம்பர் ஃப்ளைக்கு 5எக்ஸ். நம்பர் ஏற ஏற முள் சிறிதாகும் என்பதையும் கடையில் நினைவில் வையுங்கள். முடிச்சை இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனைத்து மெதுவாக இழுக்க வேண்டும். காய்ந்த நரம்பை வெடுக்கென்று இழுத்தால் உராய்வுச் சூட்டிலேயே அதன் வலு போய்விடும், நல்ல மீன் விழுந்ததும் அங்கேதான் அறும்.

ராட் உடைவது பெரும்பாலும் மீனால் அல்ல. கார் கதவு, வீட்டு சீலிங் ஃபேன், பாறையில் சிக்கிய முள்ளை ராடை வளைத்து இழுப்பது, இந்த மூன்றும்தான். முள் சிக்கினால் ராடை லைனுக்கு நேர்கோட்டில் தாழ்த்தி, லைனைக் கையில் பிடித்துப் பின்னால் நடங்கள், அறுந்தால் ஒரு ஃப்ளையோடு போகும். நான்கு துண்டு ராடைத்தான் வாங்க வேண்டும், விமானத்தில் செக்-இன் பையில் அடங்கும். முட்களை கையில் கொண்டுபோகும் பையில் வைக்காதீர்கள், பாதுகாப்புச் சோதனையில் குப்பைத்தொட்டிக்குப் போகும். துண்டுகளைச் செருகும் இடத்தில் மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்த்துவிட்டால் இறுகிக்கொள்ளாது. பயிற்சி ஊரிலேயே நடக்கட்டும். அதிகாலையில் புல் மைதானம், ஃப்ளை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துண்டு உல்லன் நூல். தெருநாய் துரத்தும், பரவாயில்லை. ஆனால் மைதானத்தில் நாற்பதடி எறிந்து காட்டுகிறவர்கள் தீர்த்தனில் திணறுவார்கள். அங்கே கரையெல்லாம் பாறாங்கல்லும் மரமும், லைனைப் பின்னால் வீச இடமே இருக்காது. வேண்டியது ரோல் காஸ்ட். ராட் நுனியை மெதுவாகப் பின்னுக்கு நகர்த்திக் காதருகே நிறுத்தி, லைன் தோளுக்குப் பின்னால் தொங்கும்வரை பொறுத்து, சுவரில் ஆணி அடிப்பது மாதிரி முன்னால் அடித்துச் சட்டென நிறுத்துங்கள். இதற்குத் தண்ணீரின் பிடிமானம் வேண்டும், மைதானத்தில் வராது. ஏதாவது குளக்கரையில்தான் பழக வேண்டும்.

போகும் வழி டெல்லி அல்லது சண்டிகர், அங்கிருந்து மணாலி பஸ். இறங்க வேண்டிய இடம் அவுட் என்ற ஊர். இது ஒரு சுரங்கப்பாதையின் வாயில் இருக்கிறது. பஞ்சார் சாலை பிரிவது சுரங்கத்துக்கு முன்னால். விடிகாலைத் தூக்கத்தில் கண்டக்டரிடம் சொல்லாமல் விட்டால் கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர் சுரங்கத்தைத் தாண்டிக் குல்லு திசையில் போயிருப்பீர்கள், பைகளோடு திரும்பி வர வேண்டும். பண்டோவுக்கும் அவுட்டுக்கும் நடுவில் மலைச்சரிவு அடிக்கடி நடக்கும், மழை விட்ட பிறகும் கல் உருளும். 2023 ஜூலை வெள்ளத்தில் பியாஸ் ஆற்றங்கரைச் சாலைகள் பட்ட பாடு ஊரறிந்தது. ஒருமுறை திரும்பும் வழியில் நாங்கள் ஒரு முழு இரவு அங்கே வரிசையில் நின்ற வகையில் விமான டிக்கெட் போனது, ஆளுக்கு 8,000-க்கு மேல். முன்னால் ஆயிரம் சிவப்பு விளக்குகள், கையில் பிஸ்கட் பாக்கெட், யாருக்கு போன் செய்தும் பயனில்லை. ஆற்றை விட்டுக் கிளம்பும் நாளில் விமானம் வைக்காதீர்கள், நடுவில் ஒரு நாள் விடுங்கள். வந்த மண்டி வழி அடைபட்டால் ஜிபி, ஜலோரி கணவாய் வழியாக நார்கண்டா, சிம்லா என்று இறங்கலாம். கணவாய் 3,000 மீட்டருக்கு மேல், ஏற்றம் செங்குத்து, சின்ன வண்டியும் அந்தப் பாதை பழகிய டிரைவரும் வேண்டும். பணத்தைப் பஞ்சாரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேலே போன் சிக்னல் வந்து வந்து போகும்.

மீன்பிடி பெர்மிட் மாநில மீன்வளத் துறை தருவது. நாகினியில் துறையின் ட்ரௌட் பண்ணையே இருக்கிறது. பெர்மிட் ஆள் கணக்கு, நாள் கணக்கு. ஒரே பெர்மிட்டை வைத்துக்கொண்டு இரண்டு ராட் போட முடியாது. அடையாள அட்டை நகல் எல்லாரும் இரண்டு வைத்திருங்கள். குஷைனிக்கு மேலே பெரிய இமாலய தேசியப் பூங்காவின் எல்லை வரும், 2014-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம். அதற்குள் போக அனுமதி தனி.

ஆற்றுக்கு வந்தாயிற்று. இங்கேதான் கூட்டமாகப் போகிறவர்கள் அதிகம் ஏமாறுவது. ஆறு பேர் ஒரே கசத்தை (ஆற்றின் ஆழமான மடு) சுற்றி நின்றால் முதல் ஆளின் நிழல் விழுந்ததுமே அந்தக் கசம் முடிந்தது. ட்ரௌட் ஓட்டத்தை எதிர்த்து மேல்நோக்கிப் பார்த்தே நிற்கும், ஆகவே கீழேயிருந்து மேலாக, அதன் முதுகுப் பக்கமாகப் போக வேண்டும். ஒருமுறை கலைந்த இடம் அடங்க ஒரு மணி நேரமாவது பிடிக்கும். எனவே இரண்டிரண்டு பேராகப் பிரியுங்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் குறைந்தது அரை கிலோமீட்டர் ஆறு, காலையில் சீட்டுக் குலுக்கி யாருக்கு எந்தப் பகுதி என்று முடிவு, மதியம் மாற்றிக்கொள்ளலாம். ஜோடியில் ஒருவர் எறியும்போது மற்றவர் கரையில் நின்று பார்க்கட்டும். கரையில் நிற்பவர் கண்ணுக்குத்தான் மீன் முதலில் படும், முன்னவர் வழுக்கினால் கைகொடுக்கவும் ஆள் வேண்டும். என் கணக்கில் இந்த ஆற்றுக்கு ஆறு பேர் உச்சவரம்பு. ஏழாவது ஆள் எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும் அடுத்த வருஷம் வரட்டும்.

எந்த ஃப்ளை கட்டுவது என்று கைடைக் கேட்கும் முன் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். முழங்கால் ஆழத்துக்குள், உள்ளங்கை அகலக் கூழாங்கல்லை மெதுவாகத் தூக்கித் திருப்பினால் அடிப்பக்கம் ஈரத்தில் மினுங்கும். தட்டையாக, பழுப்பாக, வாலில் மூன்று மெல்லிய இழைகளோடு கல்லோடு ஒட்டி நகர்ந்து ஒளிந்துகொள்வது மேஃப்ளை என்ற பூச்சியின் இளம்பருவம். மணலும் குச்சியும் ஒட்டிய, அரிசி நீளக் கூடு அசையாமல் இருந்தால் அது கேடிஸ் என்ற இன்னொரு பூச்சி, உள்ளே பச்சைப் புழு இருக்கும். பார்த்துவிட்டுக் கல்லை இருந்தபடியே வைத்துவிடுங்கள். மேஃப்ளை நிறைய என்றால் 14 அல்லது 16-ஆம் நம்பர் ஃபெசன்ட் டெயில் நிம்ஃப் (தண்ணீருக்குள் அமிழும் ஃப்ளை), கேடிஸ் என்றால் எல்க் ஹேர் கேடிஸ் (மேலே மிதக்கும் ஃப்ளை). இரண்டையும் சேர்த்துப் போடுவது இந்த ஆற்றுக்குத் தோதானது: மேலே மிதக்க 12-ஆம் நம்பர் எல்க் ஹேர், அதன் முள் வளைவில் 45 முதல் 60 சென்டிமீட்டர் 5எக்ஸ் கட்டி, நுனியில் டங்ஸ்டன் மணி வைத்த நிம்ஃப். மேலே மிதப்பது தயங்கினாலோ முங்கினாலோ உடனே ராடைத் தூக்குங்கள். அது கல்லில் தட்டியதா மீனா என்று யோசிக்கிற நேரத்தில் மீன் துப்பிவிடும்.

புதியவர்களுக்கு மீன் விழாததற்கு ஃப்ளை காரணமாக இருப்பது குறைவு. இழுவைதான் காரணம். நடு ஓட்டம் வேகம், பாறைக்குப் பின்னால் நிற்கும் தண்ணீர் மெதுவாக. லைனின் வயிறு, அதாவது நடுவில் தொய்யும் பகுதி, வேக ஓட்டத்தில் விழுந்து கீழே போகும்போது, மெதுவான தண்ணீரில் இருக்கும் ஃப்ளையும் இழுபட்டுக் கோடு கிழித்துக்கொண்டு ஓடும். எந்தப் பூச்சியும் அப்படி நீந்தாது, மீனுக்கு அது தெரியும். ஆகவே தூரம் எறிய ஆசைப்படாமல் பாறைக்குப் பாறை கிட்டே போய், ராட் நுனிக்கு வெளியே பத்துப் பன்னிரண்டு அடி லைன் மட்டும் விட்டு, ராடை உயர்த்தி லைன் தண்ணீரில் படாமல் பிடியுங்கள். தள்ளி நின்றுதான் ஆக வேண்டும் என்றால் லைன் விழுந்ததும் அதன் வயிற்றை மட்டும் தூக்கி மேல்பக்கம் புரட்டிப் போடுங்கள்.

முள் நுனிக்குக் கீழே பின்பக்கமாகத் துருத்தும் சின்ன எதிர்முள்ளைக் குறடால் அமுக்கிவிட்டே பெட்டியில் வையுங்கள். மீனுக்காக மட்டும் சொல்லவில்லை, காற்று திரும்பினால் அந்த முள் உங்கள் காதிலோ பக்கத்தில் நிற்பவர் கன்னத்திலோ ஏறும். எதிர்முள் அமுக்கிய முள் வந்த வழியே வந்துவிடும். தொப்பியும் கண்ணாடியும் இல்லாதவர் கையில் ராட் கொடுக்கக் கூடாது. கண்ணருகே தைத்தால் நீங்களே எடுக்க முயலாமல் பஞ்சாருக்கு வண்டி எடுங்கள்.

தண்ணீரில் இறங்குவது பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். அக்டோபரில் அந்தத் தண்ணீர் எலும்பில் ஏறும் குளிர். ஜீன்ஸோடு இறங்கியவர் பத்து நிமிடத்தில் கால் மரத்துப்போய் நிற்பார், மரத்த கால்தான் வழுக்கும். சீக்கிரம் காயும் பேண்ட், நியோப்ரீன் சாக்ஸ், அடியில் ஃபெல்ட் வைத்த ஷூ போதும். மார்பு வரை வரும் வேடர் (தண்ணீர் புகாத கால்சட்டை) போட்டால் மேலே இடுப்பு பெல்ட் கட்டாயம். பெல்ட் இல்லாமல் விழுந்தால் உள்ளே தண்ணீர் நிரம்பி எழ முடியாது. கையில் ஊன்றுகோல் வைத்து, ஓட்டத்தை எதிர்த்து நின்று, பக்கவாட்டில் ஒரு கால் ஊன்றிய பிறகே மறுகால் எடுங்கள். வேகமான தண்ணீரில் முழங்காலுக்கு மேல் போகாதீர்கள். அடித்துக்கொண்டு போனால் எழுந்து நிற்கப் பார்க்காமல் மல்லாந்து, கால்களை ஓட்டம் போகும் திசையில் முன்னால் நீட்டி மிதந்து, ஓட்டம் தணியும் இடத்தில் கரை ஒதுங்குங்கள். ஓட்டத்தின் நடுவே எழுந்து நின்றால் கற்களுக்கிடையே பாதம் மாட்டும், தண்ணீர் தலையை அமுக்கும். நிறம் மாறினாலோ, இலையும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வந்தாலோ, சத்தம் கனத்தாலோ மேலே எங்கோ மழை என்று பொருள். லைனைச் சுற்றிக்கொண்டிருக்காமல் கரையேறுங்கள். பியாஸ் பக்கம், குறிப்பாக லார்ஜி அணைக்குக் கீழே, போட்டோ எடுக்கக்கூட ஆற்றுக்குள் இறங்கக் கூடாது. 2014 ஜூன் 8 அன்று அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் ஐதராபாத்திலிருந்து சுற்றுலா வந்த 24 பொறியியல் மாணவர்களைக் கொண்டுபோனது தலௌட் அருகே, நீங்கள் பஸ்ஸில் கடந்து வரும் அதே சாலையோரம்.

மீன் விழுந்தால் கையை நனைத்துவிட்டுத் தொடுங்கள், காய்ந்த கை அதன் மேல் வழவழப்பை உரித்துவிடும். பழுப்பு மஞ்சள் உடம்பில் வெளிர் வளையத்துக்குள் சிவப்புப் புள்ளிகள் இருந்தால் பிரவுன், பக்கவாட்டில் இளஞ்சிவப்புப் பட்டை ஓடினால் ரெயின்போ. போட்டோவுக்குத் தண்ணீரை விட்டுத் தூக்குவது பத்து எண்ணும் நேரத்துக்குள் முடியட்டும். பிறகு தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்துப் பிடித்திருந்தால் அதுவே உதறிக்கொண்டு போகும். சாப்பிட ஆசையா, பண்ணை ட்ரௌட் கிடைக்கிறது, தங்குமிடத்தில் சொன்னால் கடுகெண்ணெயில் பொரித்துத் தருவார்கள். அக்டோபர் கடைசியில் பிரவுன் முட்டையிடத் தொடங்கும். ஆழமில்லாத பரல் பரப்பில் தாம்பாள அகலத்துக்கு மட்டும் கற்கள் பாசியில்லாமல் வெளுத்துத் தெரிந்தால் அது முட்டைக்குழி, சுற்றிப் போங்கள்.

ஊர் திரும்பக் கிளம்புவதற்கு முந்தைய இரவே பொதுக்கணக்கை எல்லார் முன்னாலும் முடித்துவிடுங்கள், பஸ் ஏறிய பிறகு யாரும் பதில் போடமாட்டார்கள். ஃபெல்ட் ஷூவை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் சென்னை வந்து சேரும்போது பூஞ்சை பிடித்திருக்கும், ஆற்றுப் பாசியும் கூடவே வரும். கிளம்புவதற்கு முதல்நாள் மதியமே கழற்றி வெயிலில் போட்டு, மறுநாள் செருப்போடு பஸ் ஏறுங்கள். லைனை ரீலிலிருந்து உருவி ஈரத்துணியால் துடைத்துச் சுற்றுவதை மட்டும் வீட்டுக்கு வந்து செய்தால் போதும்.